மூடாத கூடை

ஊரிகம் ஸ்டேஷனில் ஏனோக் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கையில் வண்ணப்பெட்டி, தோளில் சுருட்டிய கித்தான், பின்னால் கூலியாளின் தலையில் மரச்சட்டங்கள். பிளாட்பாரத்தில் நின்றும் கால் அதிர்ந்துகொண்டே இருந்தது. ரயில் ஆட்டம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று நினைத்தான். ரயில் புறப்பட்டுப் போன பிறகும் அதிர்வு நிற்கவில்லை.

"ஸ்டாம்ப் மில்லுங்க ஐயா," என்றான் அழைத்துப்போக வந்திருந்த பட்லர் மரியகுழந்தை. "கல்லை இடிச்சிகினே இருக்கும். ராப்பகல் கெடையாது. ஞாயித்துக்கெழம பகல்ல மட்டும் நிறுத்தி சுத்தம் பண்ணுவாங்க. அன்னிக்கு எங்களுக்கெல்லாம் காது வலிக்கும்."

ஏனோக் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

அவன் வேப்பேரிக்காரன். பட்டணத்து ஓவியப் பள்ளியில் படித்தவன்; அங்கே நல்ல பெயர் வாங்காமலேயே வெளியே வந்தவன். வானத்தை இருக்கிறபடி வரையச் சொன்னால், பஞ்சத்தில் செத்தவர்களை அது பார்த்திருக்கிறதே, எப்படி நீலமாக இருக்கும் என்று கேட்பான். மலையை வரைந்தால் அதன்மேல் நடந்த சண்டையும் அதற்குள் தெரிய வேண்டும் என்பான். வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் அவன் படங்களின் முன்னால் நின்றவர்கள் சீக்கிரம் நகர்ந்து போனதில்லை.

தங்கச் சுரங்க அதிகாரி ஹரோல்ட் துரை சீமைக்குத் திரும்பப் போகிறவர். இத்தனை வருஷம் உழைத்த இந்த இடம் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏனோக்கை வரவழைத்தார். தங்குவதற்குப் பழைய பங்களா ஒன்றைக் கொடுத்தார். சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகள் முடிகிற இடத்தைத் தாண்டி, பொட்டல் காட்டின் ஓரத்தில் தனியாக நின்றது அது. சன்னலைத் திறந்தால் எதிரே பழங்குழி. கம்பெனிகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு, பாறையை நெருப்பு மூட்டிச் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, யாரோ பேர் தெரியாதவர்கள் தோண்டிய குழி. அதன் வாய் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒற்றைப் புங்கமரம்.

இதைத்தான் வரைய வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானித்துவிட்டான் ஏனோக்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எந்த இடத்தை வரைகிறானோ, அந்த இடத்து மண்ணை எடுத்து வந்து காய வைத்து, கல்லில் அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, கித்தானுக்கு முதல் பூச்சாகப் பூசுவான். மற்ற வண்ணமெல்லாம் அதன் மேல்தான். படத்துக்கு அடியில் அந்த ஊரே படுத்திருக்க வேண்டும் என்பான். செஞ்சிக் கோட்டைக்கு செஞ்சி மண், சாந்தோம் கடலுக்கு சாந்தோம் மணல். இங்கும் மறுநாள் காலையில் மண் தேடிப் போனான்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. புங்கமரத்தடியில் ஒரு பலகைக்கல்லின்மேல் மூங்கில் கூடை ஒன்று இருந்தது. மூடவில்லை. உள்ளே நிறைய மண். வேறெங்கும் பார்த்திராத நிறம் அது: சாம்பலுக்குள் நீலம் ஓடியது, நீலத்துக்குள் எங்கோ கறுப்பு. சுரங்கத்தின் அடியாழத்திலிருந்து வந்த மண் என்று பார்த்தாலே தெரிந்தது. பொட்டும் இல்லை, பூவும் இல்லை. யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்த கழிவு என்று நினைத்தான். துணிப்பையை விரித்து, இரண்டு கையாலும் அள்ளினான்.

மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். மரத்தடியில் வெயிலே இல்லை.

அன்று மத்தியானம் முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்து அரைத்தான். குழவி உருள உருளப் புகை மாதிரித் தூசு எழும்பி, மீசையெல்லாம் வெளுத்துப் போயிற்று. பலமுறை தும்மினான், இருமினான். சாப்பாடு கொண்டுவந்த மரியகுழந்தை, "ஐயா மொகம் மில்லுல வேல செய்யறவன் மொகம் மாதிரி ஆயிப்போச்சு" என்று கேலி செய்துவிட்டுப் போனான். எந்த மண் என்று அவன் கேட்கவில்லை. ஏனோக்கும் சொல்லவில்லை.

முதல் பூச்சு அழகாகப் படிந்தது. இரண்டே நாளில் காய்ந்துவிட்டது, ஒரு இடத்தைத் தவிர. கித்தானின் நடுவில், குழியின் வாய் வர வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் நின்றது. துணியால் ஒற்றினான். மறுபடி ஊறியது.

பரவாயில்லை என்று மேலே வரைய ஆரம்பித்தான். சிவந்த வானம், எலும்பு நிறப் பாறைகள், சாய்ந்த மரம். எல்லாம் அவன் சொன்னபடி கேட்டன. குழி மட்டும் கேட்கவில்லை. அவன் வைத்த கறுப்பைவிட அது அதிகமாகக் கறுத்தது. அறைக்குள் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. ஈரக்கல், வெடிமருந்துப் புகை, கூடவே கருகிய கொழுப்பு. குழிக்குள் இறங்குகிறவர்கள் தொப்பியில் களிமண் வைத்து ஒட்டிக்கொள்ளும் மெழுகுவத்தியின் வாசனை அது. பங்களாவில் அப்படி ஒரு வத்தியே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் மில் நின்றது.

அந்த அமைதி அவனைப் பிடித்துத் தள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும். தூரிகை கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டான். இத்தனை நாளும் இந்த ஊரில் ஒரு காகம்கூடக் கத்தியதாக அவனுக்கு நினைவில்லை. இப்போது கத்தியது. தூரத்தில் கோயில் மணி கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

டக். டக். டக்.

கதவைத் திறந்து பார்த்தான். வெளியே வெயில் மட்டும்தான் இருந்தது.

டக். டக். டக்.

கல்லின்மேல் கல்லை வைத்துத் தட்டுகிற சத்தம். அவசரமே இல்லை. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. சுவரில் காதை வைத்தான், தரையில் வைத்தான். கடைசியில் படத்தின் எதிரே வந்து நின்றான்.

குழியின் கறுப்புக்குள், அடியில், ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அவன் வைக்காத மஞ்சள். தூரிகையில் கறுப்பைத் தொட்டு அதன்மேல் அழுத்தினான். மறைந்தது.

தூரிகையை எடுத்தான்.

புள்ளி கொஞ்சம் மேலே வந்திருந்தது.

ஏனோக் தைரியசாலி இல்லை. தூரிகையைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்தான். அங்கே படிக்கட்டின் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும், ஆனால் கண் உள்ளே போயிருந்தது. இடுப்பில் அந்த மூங்கில் கூடை. தாலி கழுத்தில்தான் இருந்தது.

"எம் பேரு பார்வதம்மா ஐயா. லைன்ல கீறேன்," என்றாள். "எங்கூட்டுக்காரரு உள்ள கீறாரு. அவர இட்டுகினு போலாம்னு வந்தேன்."

"இங்க யாரும் இல்லையேம்மா."

கேள் என்பதுபோல் விரலைத் தூக்கினாள்.

டக். டக். டக்.

"மூணு தட்டுன்னா, ஆளு கீது, மெதுவா தூக்குன்னு அர்த்தம்," என்றாள் பார்வதம்மா. "ஆளுங்கள ஏத்தி எறக்குற கூண்டுக்கு மணி அப்படித்தான் அடிப்பாங்க. சாயங்காலம் கூடையில காத வெச்சா தட்டிகினே இருப்பாரு. நாலு நாளா சத்தத்த காணோம். பாத்தா மண்ணு பாதிதான் கீது. இன்னிக்கு மில்லு நின்னுதும் தேடிகினு வந்தேன். இங்க கேக்குது."

படியில் உட்கார்ந்து அவள் சொன்னதை ஏனோக் நின்றபடியே கேட்டான். அவள் புருஷன் ராஜப்பா. பழங்குழிக்கு நேர் கீழே, ஆழத்தில், கல் வெட்டிக்கொண்டிருந்தபோது மேல்பாறை இறங்கிவிட்டது. மற்றவர்கள் தப்பி வந்தார்கள். அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தட்டு கேட்டது. மூன்று மூன்றாக, இரண்டு நாள். இன்னும் இடிந்து விழும், ஆள் போகக் கூடாது என்று துரைமார்கள் அந்த வழியை அடைக்கச் சொல்லிவிட்டார்கள். அடைக்கப் போனவர்கள் திரும்பும்போது, அவன் மாட்டிக்கொண்ட இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு கூடை மண் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அது இந்த லைன்காரர்களின் வழக்கம். உடம்பு கிடைக்காதவனுக்கு அந்த மண்தான் உடம்பு. அதைப் புதைக்கும்வரை செத்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தங்கிட்டான் என்பார்கள். தாலியும் இறங்காது. மூத்த அண்ணன் வந்து முதல் கைப்பிடி போட வேண்டும். அதுவரை கூடை வீட்டுக்கு வரக் கூடாது, மூடவும் கூடாது.

"ஏன் மூடக் கூடாது?" என்று கேட்டான் ஏனோக். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"மூச்சு முட்டி தங்கிட்டவரு ஐயா," என்றாள். "அடையாளமும் வெக்க மாட்டோம். பூ வெச்சா பொணம்னு ஆயிப்போவும். சாயங்காலம் வந்து வெளக்கு மட்டும் காட்டிட்டு போவேன்."

தான் அள்ளியது என்ன, அரைத்தது என்ன, எண்ணெய் விட்டுக் குழைத்து முழங்கைவரை பூசிக்கொண்டது என்ன என்று நினைத்த ஏனோக் தன் கைகளையே பார்த்தான். படத்துக்கு அடியில் ஊரைப் படுக்க வைக்கிறேன் என்று ஒரு மனுஷனைப் படுக்க வைத்திருக்கிறான். படுக்கவும் விடாமல் மெலிசாகத் தேய்த்து வைத்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிரு."

"தெரியாமதான எடுத்தீங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லாததுதான் அவனை உலுக்கியது. "அவங்கண்ணன் தசரதன் காச்சல்ல கெடந்து இன்னிக்குத்தான் வந்தாரு. நாளைக்கு சாயங்காலம் பொதைக்கணும். ஊருக்கு திரும்பிட்டாருன்னா அந்த ஒடம்போட மறுபடி வருவாரோ மாட்டாரோ. முழுசா பொதைக்காட்டி அவரு தட்டிகினேதான் ஐயா இருப்பாரு. அன்னிக்கு சுரங்கத்து ஷாஃப்ட் வாசல்ல நின்னு கேட்டுகினே இருந்தேன். கிட்ட போவ உடல. திருப்பி ஒரு தட்டு தட்டக்கூட உடல. இன்னொரு தபா என்னால கேக்க முடியாது."

இருவரும் வேலையில் இறங்கினார்கள்.

சட்டத்திலிருந்து கித்தானை அறுத்து வராந்தாவில் விரித்தான். டர்பன்டைன் ஊற்றி, கத்தியால் சுரண்டினான். சிவந்த வானம் போயிற்று, பாறைகள் போயின, மரம் போயிற்று. அவன் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். அதற்காக அவன் மனசு ஒரு கணம் அடித்துக்கொண்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். அடியிலிருந்த சாம்பல் பூச்சு செதில் செதிலாக வந்தது. பார்வதம்மா ஒவ்வொரு செதிலையும் பொறுக்கி முந்தானையில் போட்டாள். அரைத்த கல்லைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கூடையில் ஊற்றினாள். தூரிகை, கிண்ணம், துணிப்பை எல்லாம் கழுவினாள். வராந்தாவின் தூசைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு அவன் கையை நீட்டச் சொல்லி, ஈர்க்குச்சியால் நகக்கண்ணைக் கிண்டினாள். கடைசியில் கித்தானையே கொளுத்தினார்கள். சாம்பலும் கூடைக்குள் போயிற்று.

எரியும்போது, எவ்வளவு சுரண்டியும் போகாத அந்த மஞ்சள் புள்ளி மட்டும் கடைசிவரை கருகாமல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம், மில் கழித்த சாம்பல்நிற மண்மேட்டைத் தாண்டி இருந்த இடுகாட்டில், ராஜப்பாவைப் புதைத்தார்கள். காய்ச்சலில் நடுங்கியபடி தசரதன் முதல் கைப்பிடி போட்டான். பறை அடித்தார்கள். பெண்கள் அழுதார்கள். ஏனோக் தள்ளி நின்றான். எல்லாம் முடிந்ததும் கூட்டம் பார்வதம்மாவின் முகத்தைப் பார்த்தது. போயிட்டாரு என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் முடியும்.

அவள் சொல்லவில்லை.

வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "கொறையுது," என்றாள் மெதுவாக. "இந்த இடுப்புல சொமந்திருக்கேன். எனக்கு கனம் தெரியும். இன்னும் ஒரு கை கொறையுது."

"எல்லாத்தையும் சுரண்டிக் குடுத்துட்டேனேம்மா," என்றான் ஏனோக். அழாத குறையாகச் சொன்னான். "பங்களாவுல ஒரு பொட்டு இல்ல. நீயே பார்த்தியே."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அவன் மூட்டையைக் கட்டிவிட்டான். படம் முடியவில்லை, உடம்பு சரியில்லை என்று துரைக்குச் சொல்லியனுப்பினான். உடம்பு சரியில்லாததும் பொய்யில்லை. மண் அரைத்த அன்று வந்த இருமல் இன்னும் விடவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. மில் சத்தம் பின்னால் தேய்ந்தது. அடுத்து வந்த கோரமண்டல் ஸ்டேஷனில் வண்டி நின்று, என்ஜின் மூச்சுவிட்டு அடங்கியது.

டக். டக். டக்.

பெட்டிக்குள் என்று நினைத்தான். வண்ணப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினான். எதிரே இருந்தவர் பயந்து நகர்ந்து உட்கார்ந்தார். சட்டைப்பையை உதறினான். சத்தம் கூடவே வந்தது. குனிந்தால் குனிந்தது. திரும்பினால் திரும்பியது. வண்டி மறுபடி நகர்ந்ததும் நெஞ்சின்மேல் யாரோ பாறையை இறக்கியதுபோல் மூச்சு நின்றது. வாயெல்லாம் ஈரக்கல்லின் ருசி. இருமினான். கைக்குட்டையில் சாம்பல் நிறம் விழுந்தது. சாம்பலுக்குள் நீலம்.

குழவியிலிருந்து எழும்பிய தூசு அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

எல்லாவற்றையும் சுரண்டியிருந்தார்கள். அவன் மூச்சோடு உள்ளே இழுத்ததை மட்டும் யாரும் சுரண்டவில்லை.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. நகரும் வண்டியிலிருந்து விழுந்து, முழங்கால் கிழிந்து, தண்டவாளத்தோடு ஊரிகத்தை நோக்கி நடந்தான். நடக்க நடக்க மூச்சு வந்தது. பங்களா வாசலை அடைந்தபோது நன்றாகவே வந்தது. எதிரே பழங்குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு அவன் ஊர் திரும்பவில்லை. திரும்பப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் கோரமண்டல் தாண்டினால் மூச்சு நின்றது. சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு குழாயை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனார். ஹரோல்ட் துரை சீமைக்குப் போய்விட்டார். அந்தப் பழைய பங்களாவை ஏனோக்குக்கே விட்டுவிட்டார்கள். சுவரில் கரியால் குழியை வரைந்தபடி கிடந்தான். வேறு எதை வரைந்தாலும் கடைசியில் குழிதான் வந்தது. மரியகுழந்தை சோற்றை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவான்.

மில் இடிக்கிற நாளெல்லாம் ஏனோக் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமைதான் பயம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் மில் நின்றது. வெயில் ஏறிய நேரத்தில் பார்வதம்மா வந்தாள். வாரம் தவறாமல் வருகிறவள்தான். படியில் தள்ளி உட்கார்ந்து, வாரத்தில் நடந்ததையெல்லாம் சொல்வாள். கல் பொறுக்குகிற இடத்தில் மேஸ்திரி ஏசியது, லைனில் தண்ணீர் வராதது, தசரதன் காய்ச்சலில் செத்துப்போனது. ஏனோக்கிடம் சொல்வதில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துச் சொல்வாள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

இன்று அவள் பேசவில்லை. ஏனோக் இருமுவதைக் கேட்டாள். இருமல் இப்போது அடியிலிருந்து வந்தது. கேட்டுவிட்டு, தன் இடுப்பிலிருந்ததை இறக்கி அவன் வாசற்படியில் வைத்தாள்.

புதுக் கூடை. வெறுமையாக இருந்தது. வாய் திறந்திருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டான்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றாள் பார்வதம்மா. மரியாதையாகத்தான் சொன்னாள். "நான் காத்துகினு இருப்பேன்."

பிறகு பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தாள். அன்று ஷாஃப்ட் வாசலில் அவளைத் தட்ட விடவில்லை. இப்போது தடுக்க யாரும் இல்லை. படிக்கட்டின்மேல், அவசரமில்லாமல், மூன்று முறை தட்டினாள்.

ஏனோக் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டான்.

அவன் கைகளுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.